இசையைப் பிரித்தெடுத்தல்: வீடியோ விளையாட்டும் மலையகப் பாட்டும்

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரொன்றில் வீடியோ விளையாட்டு இசையைப் பற்றி எழுதப் புகுவது பொருந்துமோ எனச் சிலர் ஐயுறக்கூடும். சிறுவர் பொழுதுபோக்குக்குத் திறனாய்வில் இடமில்லை என்பாரும் உளர். ஆயினும், ஒரு பாட்டைத் தேடித் தொகுக்கும்போது எதை எடுக்கிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்ற வினாவோடு சில ஆண்டுகள் அலைந்த எனக்கு, நாட்டார் பாடல் பற்றிய நூல்களிலும் பார்க்க அவ்விளையாட்டுகளின் இசையைத் தேடித் திரிந்தவர்களிடமே தெளிவான விடை கிடைத்தது. மலையகத் தோட்டங்களின் பாட்டுகளைத் தொகுக்க முனையும் எவரும் அவ்விடையை அறிந்திருத்தல் நன்று என்பது என் கருத்து.

1990களின் நடுப்பகுதியில் அட்டன் நகரிலே ஓர் உறவினர் வீட்டில் அத்தகைய பெட்டியொன்றை முதன்முதலாகக் கண்டேன். யப்பானில் நின்டென்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட விளையாட்டுப் பெட்டியைப் பார்த்து மலிவாகச் செய்யப்பட்ட நகல் அது. கசெற் ஒன்றை மேலே செருகித் தொலைக்காட்சியுடன் இணைத்தால் படமும் இசையும் தொடங்கிவிடும். அந்த இசையை லயத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற ஆசையில், ஒலிப்பதிவுக் கருவியைத் தொலைக்காட்சியின் முன் பிடித்துப் பதிந்தேன். வீட்டில் வந்து கேட்டபோது மாமாவின் இருமலும் குசினியிலிருந்து வந்த பாத்திர ஓசையும் தெளிவாக இருந்தன. இசை தூரத்தில் எங்கோ கேட்டது. பிரித்தெடுத்தல் என்பது எத்துணைச் சிக்கலானது என்பதற்கு நான் கற்ற முதற் பாடம் அது.

கசெற் என்று நாம் அழைத்தோமேயன்றி, அதனுள் நாடாவும் இல்லை, பதிவு செய்யப்பட்ட ஒலியும் இல்லை. 1985இல் வெளிவந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' என்னும் விளையாட்டு முழுவதும் 40 கிலோபைற்றினுள் அடங்கியது. படங்கள், அசைவுகள், விதிகள் ஆகிய அனைத்தோடும் கோஜி கொண்டோ அமைத்த இசையும் அச்சிறிய இடத்துள் இருந்தது. இன்ன சுரத்தை இன்ன குரலில் இவ்வளவு நேரம் நீட்டுக என்னும் கட்டளைகளாகவும், அக்கட்டளைகளைப் படித்து ஒலிச்சில்லுக்கு எடுத்துரைக்கும் சிறு நிரலாகவும் அது இருந்தது. சில்லிலிருந்த குரல்கள் ஐந்தே. பெட்டியை நிறுத்திவிட்டால் இசை எங்கும் இல்லை. அடுத்த முறை அது பழைய ஒலியின் மறுபடியாக வருவதில்லை, புதிதாக ஆக்கப்படுகிறது. அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் 2023இல் இவ்விசையைத் தன் தேசிய ஒலிப்பதிவுப் பேரேட்டிற் சேர்த்துக்கொண்டது. வீடியோ விளையாட்டு இசைக்குக் கிடைத்த முதல் இடம் அது. பிறக்கும்போது ஒலிப்பதிவாக இல்லாத ஒன்று ஒலிப்பதிவுப் பேரேட்டில் ஏறியது ஒரு வேடிக்கையே.

இவ்விசையை ஆர்வலர்கள் எவ்வாறு வெளியே எடுத்தனர் என்பது நம் கவனத்துக்கு உரியது. கெவின் ஹோர்ட்டன் என்பவர் வகுத்த என்.எஸ்.எவ். என்னும் கோப்பு முறையிற் பதிந்த ஒலி எதுவும் இல்லை. கசெற்றுக்குள் இருக்கும் பல்லாயிரம் எண்களிடையே இசைக்குரிய கட்டளைகள் எங்கே தொடங்குகின்றன, அவற்றைப் படிக்கும் நிரல் எங்கே இருக்கிறது என்று துருவிக் கண்டு, இரண்டையும் சேர்த்தே வெட்டியெடுத்தனர். எந்த முகவரியில் இசையைத் தொடங்குவது, எந்த முகவரியை விநாடிக்கு 60 முறை அழைத்து இசையை நகர்த்துவது என்ற குறிப்புகளை 128 பைற்று கொண்ட தலைப்பிலே எழுதினர். ஒலிச்சில்லைப் பாவனை செய்யும் எமுலேட்டர் ஒன்று அக்கோப்பைப் படித்தால், இசை மீண்டும் ஆக்கப்படும். சுருங்கக் கூறின், அவர்கள் ஒலியை எடுத்தார்கள் அல்லர். ஒலியை உண்டாக்கும் ஏற்பாட்டையே எடுத்தார்கள்.

1990இல் வந்த 'சூப்பர் பமிகொம்' பெட்டியின் இசையை எடுக்கும் வழி இன்னும் சுவையானது. அதன் ஒலிப்பகுதிக்கென 64 கிலோபைற்று நினைவகம் தனியே உண்டு. விளையாட்டு ஒரு கட்டத்தை அடையும்போதுதான் அக்கட்டத்துக்குரிய இசையும் வாத்திய மாதிரிகளும் அதற்குள் ஏறும். எனவே இசையை வேண்டுபவர் விளையாட்டை அந்த இடம்வரை ஆடிச் சென்று, இசை தொடங்கும் கணத்தில் அந்நினைவகம் முழுவதையும் அப்படியே படியெடுக்க வேண்டும். கணம் தவறினால், பாத்திரம் குதிக்கும் ஓசையோ அடிபடும் ஓசையோ கலந்துவிடும். கடைசி எதிரியின் இசை வேண்டுமாயின் கடைசி எதிரிவரை செல்லாமல் வழியில்லை என்ற நிலை பலருக்கு இருந்தது. தேடுதல் என்ற சொல்லுக்கு இங்கே முழுப்பொருளும் உண்டு.

நமக்கு அருகிலுள்ள ஓர் உதாரணமும் உண்டு. இளையராஜா அமைத்த பின்னணி இசையின் பெரும்பகுதி தனித்தட்டாக வெளிவராமையால், ரசிகர்கள் படத்தின் ஒலித்தடத்திலிருந்து அதை வெட்டியெடுத்து வந்துள்ளனர். ஆனால் அங்கே உரையாடலும் மழையோசையும் இசையோடு ஒன்றாகக் கலந்துவிட்டபின் எடுக்கும் எடுப்பு அது. நான் தொலைக்காட்சியின் முன் ஒலிப்பதிவுக் கருவியைப் பிடித்ததற்கும் அதற்கும் இடையே வேறுபாடு அளவில் மட்டுமே.

இனி மலையகத்துக்கு வருவோம். தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தோருள் முதலில் நினைக்கப்பட வேண்டியவர் சி. வி. வேலுப்பிள்ளை. மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்ற அவர், தொழிற்சங்கப் பணியோடு பாட்டுகளையும் திரட்டினார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இற் சென்னையில் அச்சேறியது. மறு ஆண்டில் அவர் மறைந்தார். அவருக்குப்பின் சாரல்நாடனின் 'மலையக வாய்மொழி இலக்கியம்', மாத்தளை வடிவேலனின் 'மலையகப் பாரம்பரியக் கலைகள்' போன்ற நூல்கள் வந்தன. இவர்கள் உழைத்திராவிடில் இன்று நாம் பேசுவதற்கே ஒன்றும் இருந்திராது. பின்வரும் குறை இவர்கள் மீது சுமத்தப்படும் குற்றமன்று. நூல் என்னும் சாதனத்தின் குறை அது, அச்சாதனத்தோடு நிறைவடைந்துவிட்ட நம் துறையின் குறை அது.

கார்ல் பூகர் 1896இல் 'வேலையும் லயமும்' என்னும் பொருள்பட ஒரு நூல் எழுதினார். ஜோர்ஜ் தொம்சனின் 'மார்க்சியமும் கவிதையும்' 1945இல் வந்தது. உழைப்பின் அசைவிலிருந்து பாட்டுப் பிறந்தது என்னும் கருத்து இவற்றின் வழியே ஈழத்துத் திறனாய்வில் ஆழப் பதிந்தது. தொழிற்பாடல் என்ற தலைப்பில்லாத மலையக ஆய்வுக் கட்டுரையைக் காண்பது அரிது. ஆனால், வேலையிலிருந்து பாட்டுப் பிறந்தது என்று முன்னுரையில் எழுதிய நாமே, பாட்டை அச்சிடும்போது வேலையை விட்டுவிட்டோம். பாட்டு நாலடிச் செய்யுளாகத் தாளில் நிற்கிறது. எத்தனை முறை ஓரடி திரும்பப் பாடப்பட்டது, எங்கே மற்றப் பெண்கள் சேர்ந்தனர், எங்கே மூச்சு வாங்கினர், கை எங்கே இருந்தது என்பன அங்கே இல்லை. கட்டளைகளை மட்டும் வெட்டியெடுத்து, அவற்றைப் படிக்கும் நிரலைக் கசெற்றிலேயே விட்டுவிட்டால் எப்படியிருக்கும்? எண்வரிசை ஒன்று கையிலிருக்கும், அது இசைக்காது.

என் அம்மாயி நாற்பதாண்டுகள் கொழுந்து கொய்தவர். சில ஆண்டுகளுக்கு முன் அவரை அறையில் அமர்த்திக் கைபேசியை முன்னால் வைத்து, மலையிற் பாடிய பாட்டைப் பாடும்படி கேட்டேன். இரண்டு அடி பாடினார். மூன்றாவது வரவில்லை. மீண்டும் தொடங்கினார், மீண்டும் அங்கேயே நின்றார். எனக்கு மறதி வந்துவிட்டது என்று நாணத்தோடு சொன்னார். பின்னர் ஒருநாள் வீட்டின் பின்புறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கையில், இரு கைகளும் மாறிமாறி இயங்க, அதே பாட்டின் ஏழெட்டு அடிகள் தாமாகவே வந்துகொண்டிருந்தன. மலையிலே மட்டக்கம்பைச் செடிமேல் கிடத்தி, அதற்கு மேலெழும் தளிரை இரு கைகளாலும் ஒடித்து, கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் எறிவர். எறியும் அந்த இடைவெளியிலேதான் அவர் பாட்டில் அடி முடிகிறது. கை நிறைய எடுக்கும் நேரமே அவருக்கு ஓரடியின் நீளம். அதுதான் நிரல். நான் முதல்நாள் அவரிடம் கேட்டது நிரலில்லாத கட்டளையை.

ஒப்பாரியின் நிலை இதனினும் கடினமானது. ஒப்பாரி கேட்டபோது அவர் முகம் மாறிவிட்டது.

"எழவு விழாத வீட்டில ஒப்பாரி வைக்கக் கூடாதுய்யா. வீட்டுக்கு ஆகாது."

"ரெண்டு அடி மட்டும் சொல்லுங்க அம்மாயி, எழுதிக்கிறேன்."

"சொல்றதுக்கு அது என்ன கதையா? எங்கயாச்சும் சாவு விழுந்தா வா. அப்ப கேட்டுக்க."

இதை மூடநம்பிக்கை என்று கடந்து செல்வது எளிது. நான் அவ்வாறே அன்று கடந்து சென்றேன். பின்னர்தான், கடைசி எதிரியின் இசையைப் பெறக் கடைசி எதிரிவரை ஆடிச் செல்லும் இளைஞர்களைப் பற்றி வாசிக்கையில் உறைத்தது. உரிய கட்டத்தை அடையாமல் அந்நினைவகத்துள் இசை ஏறுவதில்லை. அச்சிட்ட ஒப்பாரிகளுள் சில சாவில்லாத வீடுகளிலும் கேட்டு எழுதப்பட்டிருக்க வேண்டும். அவை பாடப்பட்டவை அல்ல, சொல்லப்பட்டவை. சொல்லப்பட்டதையும் பாடப்பட்டதையும் வேறுபடுத்திக் காட்டும் ஒரு குறியீடுகூட நம் தொகுப்புகளிற் பொதுவழக்காக இல்லை.

காமன் கூத்தில் இச்சிக்கல் முழு உருக்கொள்கிறது. மாசி மாதத்திற் காமன் கம்பம் ஊன்றப்பட்டதிலிருந்து, மன்மதன் எரிக்கப்பட்டு மீண்டும் எழுப்பப்படும்வரை, கூத்து ஒரு களரியில் மட்டும் நிற்பதில்லை, லயங்களினூடே நகர்கிறது. ரதியும் மதனும் வீட்டுக்கு வீடு செல்கையிற் பாடப்படும் பாட்டின் நீளத்தை எந்தப் புலவனும் தீர்மானிக்கவில்லை. அடுத்த வாசல் எவ்வளவு தூரமோ அவ்வளவு நேரம் அப்பாட்டு நீளும். வாசலை அடைந்ததும் தப்பின் அடி மாறும், பாட்டும் மாறும். மேல்லயத்துக்குப் படியேறும்போது பாட்டு ஒரு விதம், இறங்கும்போது இன்னொரு விதம். தப்பு இங்கே வெறும் பக்கவாத்தியம் அன்று. அதிகாலையிற் பிரட்டுக்கு ஆட்களை அழைக்கவும் முற்காலத்தில் அதுவே ஒலித்தது, சாவுக்கும் அதுவே. ஆகவே அடி மாறினால் காலம் மாறிற்று என்பதைத் தோட்டத்துக் காது உடனே அறிந்துகொள்ளும்.

இவ்விடத்து விளையாட்டு இசையின் இன்னொரு பக்கத்தை ஒப்புநோக்கலாம். 1978இல் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில் நான்கு சுரங்களே திரும்பத் திரும்ப இறங்கிவரும். எதிரிகள் குறையக் குறைய அவற்றின் கதி விரையும். 1991இல் 'மங்கி ஐலண்ட் 2' விளையாட்டுக்காக மைக்கேல் லாண்ட், பீற்றர் மக்கொனல் ஆகியோர் அமைத்த ஏற்பாட்டில், ஆடுபவர் ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்ல, இசை அறுபடாமல் அவ்விடத்துக்குரியதாக உருமாறும். இவற்றுக்குத் தொடக்கமும் முடிவும் உள்ள 'பாட்டு' என்று ஒன்று இல்லை. வட்டமாகச் சுழலும் இசையை இருமுறை ஒலிக்கவிட்டு மெல்ல மறையச் செய்வதை ஆர்வலர்கள் ஒரு வழக்கமாகக் கொண்டனர். அது ஒரு சமரசம் என்பதை அவர்கள் மறைக்கவில்லை.

மேடைக்கு வந்த காமன் கூத்துகளில் இந்த நேர்மையை நான் காணவில்லை. பண்பாட்டு விழா ஒன்றிற் பதினைந்து நிமிடக் காமன் கூத்தைக் கண்டேன். ஒப்பனை நன்று, ஆட்டம் நன்று. எரியூட்டலுக்குப்பின் ரதி புலம்பத் தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் திரை விழுந்தது. தோட்டத்திலே அப்புலம்பலைக் கேட்கும் பெண்கள் தத்தம் வீட்டுச் சாவுகளை நினைத்து அழுவர். ஆண் ஒருவன் ரதி வேடத்தில் அழுவதை அவர்கள் வேடமாகவே கருதுவதில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' (1964) முதலியவற்றைப் பேராதனையில் மேடையேற்றியபோதும் இரவு முழுவதும் ஆடப்பட்ட கூத்து சில மணிப் பொழுதுக்குச் சுருங்கியது உண்மையே. ஆனால் அங்கே மட்டக்களப்பு அண்ணாவிமாரின் ஆட்டமுறையும் மத்தளமும் பாட்டோடு சேர்ந்தே வந்தன. நிரலும் கட்டளையும் சேர்த்து எடுக்கப்பட்டமையாலேயே அம்முயற்சி பிற்கால நாடகத்துக்கு வித்தாயிற்று என்பது என் துணிபு. மலையகக் கூத்துக்கு அத்தகைய கவனம் அக்காலத்திற் கிட்டவில்லை.

ஆசிரியர் பெயர் பற்றியும் சில கூற வேண்டும். நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் இல்லை; அது மக்கள் சொத்து என்று எழுதிவிடுகிறோம். இது பாதி உண்மை. யப்பானிய விளையாட்டு நிறுவனங்களுட் சில தம் இசையமைப்பாளர்களைப் போட்டி நிறுவனங்கள் கவர்ந்துவிடும் என அஞ்சி, அவர்களின் உண்மைப் பெயரை வெளியிடவில்லை. 1987இல் வந்த 'ரொக்மான்' விளையாட்டின் இசையை அமைத்த மனாமி மட்சுமாயே என்னும் பெண்மணியின் பெயர் புனைபெயராகவே அதிற் காட்டப்பட்டது. பெயரற்ற இசை என்று ஆர்வலர்கள் விட்டுவிடவில்லை. ஒவ்வொரு பாட்டின் பின்னாலும் ஓர் ஆள் உண்டு என்று கொண்டு தேடினர். கொமடோர் 64 கணினியின் இசைக்கென அமைந்த தொகுப்பில் அரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பாட்டுகள் உள்ளன. இயற்றியவர் யார், எந்தப் பழைய மெட்டைத் தழுவியது என்றெல்லாம் குறிக்கும் பட்டியலும் அதனோடு வளர்ந்துள்ளது. ஊதியமற்ற ஆர்வலர் செய்த வேலை இது.

தோட்டத்துப் பெண் செக்ரோலில் எண்ணாக இருந்தாள். பாட்டுத் தொகுப்பில் 'ஒரு பெண்' ஆனாள். அவள் பெயரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். யாரிடம் கற்றாள், எந்த அடி அவளே கட்டியது என்பதையும் சொல்லியிருப்பாள். என் அம்மாயியிடம் நான் கேட்டபோது, மூன்றாவது அடி தன் நாத்தனார் கட்டியது என்றும், அதிலே ஒரு கங்காணியின் நடையைக் கேலி செய்திருப்பதாகவும் சிரித்துக்கொண்டு சொன்னார். கேட்கப்படாமையை இயல்பு என்று கொள்வது நம் துறையின் சோம்பலன்றி வேறில்லை.

கசெற்றுகளைத் துருவியவர்கள் அடிக்கடி வேறொன்றையும் கண்டனர். விளையாட்டின் எக்கட்டத்திலும் ஒலிக்காத இசை உள்ளே கிடந்தது. அமைத்தபின் கைவிடப்பட்டதாயினும் அழிக்கப்படாதது. கங்காணி நிரையின் அடுத்த முனைக்குப் போனபின் மட்டும் பாடப்பட்ட பாட்டுகளும், பெண்கள் தமக்குள் பாடிச் சிரித்த 'கூடாத' பாட்டுகளும் நம்மிடையே அத்தகையன. நயத்தக்க நாகரிகம் கருதி அவற்றை விலக்கும் வழக்கம் தமிழில் நாட்டார் பாடல் தொகுத்தோரிடையே நெடுங்காலம் இருந்தது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். எமுலேட்டர் ஒவ்வொரு முறையும் அதே கட்டளையை அதே விதமாக நிறைவேற்றும். பாடும் பெண் இருமுறை ஒரே விதமாகப் பாடமாட்டாள். ஆகவே ஒப்புமை பொருந்தாது என்பர். பொருந்தாத இடம் உண்டென்பதை ஏற்கிறேன். ஆயினும் இயந்திரம்கூட நாம் நினைக்குமளவு ஒரே விதமானதன்று. விநாடிக்கு 60 முறை படம் மாற்றும் பெட்டிக்கென எழுதிய இசை, 50 முறை மாற்றும் ஐரோப்பியப் பெட்டியிற் பலவேளை மந்தமாக ஒலித்தது. கொமடோரின் ஒலிச்சில்லில் வடிகட்டி சில்லுக்குச் சில்லு வேறுபட்டது. எந்தப் பெட்டியில் ஒலித்தது மூலம் என்ற விவாதம் அவர்களுக்குள்ளும் உண்டு. திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் சேலத்திலும் சமநிலத்திற் பாடிய மெட்டு, மூச்சு வாங்கும் சரிவுக்கு வந்தபின் எவ்வாறு மாறியது என்று நாம் இன்னும் அளந்து பார்க்கவில்லை.

அளக்க விரும்பினால் காலம் அதிகமில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பாட்டுகளை யாரும் பங்கிடவில்லை; அவை பாடியவர்களோடு போயின. ஒரு லயத்திற் கும்மிக்கு முன்பாட்டுப் பாடியவள் கோத்தகிரிக்கும், பின்பாட்டுப் பாடியவள் பொகவந்தலாவைக்குமாகப் பிரிந்திருக்கக்கூடும். கூடலூரிலும் குன்னூரிலும் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்கு அமர்ந்தவர்களுள் அன்று இருபது வயதானவர்கள் இன்று முதியோர். மலையகப் பாட்டைத் தேடுபவர் நுவரெலியா மாவட்டத்தோடு நின்றுவிட்டால், பாதிக் கட்டளைகளையே கையில் வைத்திருப்பார். 2023இல், மலையக மக்கள் வந்து இருநூறாண்டானதை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பலர் நடந்தனர். நீலகிரிக்கும் அட்டனுக்கும் இடையே அத்தகைய நடை ஒன்றைப் பாட்டுக்காக யாரேனும் மேற்கொள்ளலாம். இப்போது அதற்குக் கைபேசி போதும்.

சென்ற ஐப்பசியில் கீழ்லயத்தில் ஒரு முதியவர் இறந்தார். அம்மாயியே என்னை அழைத்து வரச் சொன்னார். வீட்டாரிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தபின், கைபேசியைத் திண்ணையின் ஓரத்தில் வைத்தேன். மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. வெளியே தப்பு. உள்ளே ஆறு பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றி அமர்ந்திருந்தனர். அம்மாயி தொடங்க, மற்றவர்கள் ஒவ்வோர் அடியின் ஈற்றிலும் சேர்ந்தனர். நாற்பத்தொரு நிமிடப் பதிவு. அதை எழுத்தாக்க எனக்கு மூன்று வாரங்கள் ஆயின. தப்பின் அடிகளைப் பாட்டின் மேல்வரியிற் குறித்தேன். ஆறு பெயர்களையும், அவர்கள் விரும்பியபடி, எழுதிக்கொண்டேன். மூன்று இடங்களில் மழையும் அழுகையும் சேர்ந்து சொற்களை மூடிவிட்டன. அவ்விடங்களில் என்ன வந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடியும்; எதுகை வழிகாட்டும். அம்மாயியிடம் கேட்டேன். இப்போது சொல்ல முடியாது என்றார். குறிப்பேட்டில் அம்மூன்று இடங்களும் வெறுமையாகவே இருக்கின்றன.